கார்டுக்குள் குடியிருந்த பிள்ளையார்

மூன்று படம் எடுக்கும். அப்புறம் நின்றுவிடும்.

அவனியாபுரத்து மண்டபம் ஒன்றில்தான் என் கேமராவின் இந்தப் புதுக் குணம் எனக்குத் தெரியவந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்குகிறார், கெட்டிமேளம் இடிக்கிறது, நான் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நிற்கிறேன். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி தடதடவென்று ஓடவேண்டிய கேமரா, டக், டக், டக் என்று இருமிவிட்டு ஓய்ந்தது. பின்பக்கம் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ‘பிஸி’ என்று எழுதியிருக்கிறது. அரசு அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் கிடைக்கிற மரியாதை. விளக்கு அணைந்து அது மறுபடி வேலைக்குத் திரும்பியபோது முடிச்செல்லாம் விழுந்து, பெண்ணின் சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டும் படம் என்று என்னிடம் இருந்தது ஒரு கை நிறைய அட்சதையும், அதற்குப் பின்னால் யாருடையதோ ஒரு காதும்தான். காதுக்காரரைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே விழுந்திருந்தார். என்னோடு எப்போதும் வீடியோ எடுக்க வரும் நண்பர் ஒருவர் உண்டு. நான் அவரை மாப்ள என்பேன், அவரும் என்னை மாப்ள என்பார், இருவரில் யார் யாருக்கு மாப்பிள்ளை என்று இதுவரை விசாரித்ததில்லை. அவர்தான் தன் வீடியோவிலிருந்து ஒரு காட்சியைப் பிடுங்கிக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினார்.

“ஷட்டர் தேஞ்சு போச்சு மாப்ள. ஒனக்கு முட்டி தேஞ்ச மாதிரி” என்றார்.

ஆனையூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. நானும் சில படிகள் ஏறியதும் ‘பிஸி’ ஆகிவிடுகிறவன்தான். கேமராவும் என்னோடு சேர்ந்து கிழடு தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் சின்ன ஆறுதல்கூட இருந்தது.

ஆறுதலோடு இருந்திருப்பேன். ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஓர் அக்கா என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். கணவர் இல்லை. ஒரே பெண். கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வந்தவர், கொடுத்த பிறகும் எழுந்து போகாமல் பர்ஸின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“தம்பி, தாரை வாக்குறது எல்லாம் அவ சித்தப்பாவும் சித்தியும் பண்ணுவாக. நான் மேடைக்கு வரமாட்டேன். கீழதான் நிப்பேன், ஓரமா.”

“ஏங்கக்கா, இப்பல்லாம் யாரு அதப் பாக்குறாங்க?” என்றேன்.

“பாக்குறவுக இன்னும் இருக்காக தம்பி. அன்னைக்கு யாரு வாயிலயும் விழ வேண்டாம்னு இருக்கேன். ஆனா நானும் அவளும் ஒண்ணு பேசி வச்சிருக்கோம். தாலி கழுத்துல ஏறுறப்ப அவ ஒரே ஒரு தடவ நிமிந்து என்னப் பாப்பா. அதுக்கப்பறம் குனிஞ்சுக்கிருவா. அத மட்டும் எடுத்துருங்க. என் தோளாவது அந்தப் படத்துல இருக்கணும்.”

சரி என்றேன். என் வாய்க்குச் சரி என்று சொல்வதில் ஒரு நாளும் சிரமம் இருந்ததில்லை.

அவர் கேட்டது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் புரியும். தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தில் இருக்கிற எல்லாருக்கும் கை முளைத்துவிடும். அட்சதைக் கை, செல்போன் கை, குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற கை. மேடையில் இருந்து எடுத்தாலே பாதிப் படம் கைதான். கீழே இருந்து, ஓர் அம்மாவின் தோளுக்கு மேலாக, ஒரு பெண் நிமிர்கிற நொடியைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்துக் கேமராவை ஓடவிடுவது. ஓடுகிற ஓட்டத்தில் ஏதோ ஒரு படத்திலாவது கைகளுக்கு நடுவே முகம் தப்பிவிடும். என் கேமராவோ மூன்றோடு மூச்சு வாங்குகிறது.

அந்த வாரம் எங்கள் வீட்டு மின்விசிறிக்கு வாழ்வு வந்தது. கேமரா வேகத்தைச் சோதிக்க ஓடுகிற பொருள் ஏதாவது வேண்டும். எங்கள் வீட்டில் சொன்னபடி ஓடுவது அது ஒன்றுதான். தரையில் பாயை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு விசிறியைச் சுடுவேன். டக், டக், டக். பிஸி. செட்டிங்கில் ஒன்றை மாற்றுவேன். மறுபடி டக், டக், டக். பிஸி.

இருட்டு மண்டபங்களில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் இருக்க, கேமராவே ஒவ்வொரு படத்தையும் துடைத்துக் கொடுக்கும் வசதி ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். அது வேகத்தைக் குறைக்கும் என்பார்கள். நிறுத்தினேன். மூன்று, நான்காயிற்று. ஒரே படத்தைப் பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றும் இரண்டு விதமாகச் சேமித்துக்கொண்டிருந்தது. அதையும் ஒன்றாக்கினேன். நான்கு, ஐந்தாயிற்று. அதற்குமேல் அசையவில்லை. லென்ஸை மாற்றினேன். ஃபோகஸை நிறுத்தினேன். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தேன். அதற்கு எந்தக் காரணமும் இல்லை. தோன்றியது, செய்தேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். திருத்த வேண்டிய நோட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஃபேனுக்கு எப்ப கல்யாணம்?”

“இடம் அமையல” என்றேன்.

“பொண்ணு பாக்க இம்புட்டு போட்டோ அனுப்புனா எவ வருவா? அது மூஞ்சியில இருக்க தூசியத் தொடைங்க மொதல்ல.”

துடைத்தேன். அந்த வாரம் உருப்படியாக முடிந்த வேலை அதுதான்.

மறுநாள் மாசி வீதிப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிச் சுற்றியதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கடைக்காரருக்கு என்னைவிட வயது குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு.

“மெமரி கார்டையும் பேட்டரியையும் கழட்டிக் குடுத்துருங்கண்ணே. அப்பறம் என் படத்தக் காணோம், கல்யாணத்தக் காணோம்னு சண்டைக்கு வருவாக.”

கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தன் கடைக் கார்டையும் பேட்டரியையும் போட்டு, தெருவில் போன ஒரு மாட்டைப் பார்த்து அழுத்தினார். தடதடதடதட. மாடு சந்தைத் தாண்டிப் போகும்வரை ஓடியது.

“நல்லாத்தானண்ணே ஓடுது?”

“வீட்ல ஓடலையே” என்றேன்.

“வீட்ல எனக்கும் ஓடாது” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

பல் வலி டாக்டர் வாசலில் நின்றுவிடுவது மாதிரிதான் இதுவும் என்று சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்கு வந்து பாயை விரித்தேன். டக், டக், டக், டக், டக். பிஸி. கேமராவுக்கு மாசி வீதி பிடித்திருக்கிறது, ஆனையூர் பிடிக்கவில்லை என்று கொஞ்ச நேரம் உண்மையாகவே நம்பினேன். களைத்துப்போன மனிதன் எதையும் நம்புவான்.

பிறகு மூளை கொஞ்சம் வேலை செய்தது. என்னுடையது டூப்ளிகேட் பேட்டரி. அதுதான் குற்றவாளி என்று தீர்மானித்து, திரும்ப வெயிலில் போய், கம்பெனி பேட்டரி ஒன்றை வாங்கி வந்தேன். விலையைச் சொல்லப்போவதில்லை, வீட்டிலேயே சொல்லவில்லை. புதுப் பேட்டரியைப் போட்டு விசிறியைப் பார்த்து அழுத்தினேன். அதே ஐந்து. பிஸி.

கேமராவை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தேன். அந்த அக்காவுக்குப் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அது நேர்மையான யோசனை மாதிரி தெரிந்தது. எழுந்து போனை எடுக்கச் சோம்பலாக இருந்ததால் அந்த நேர்மை கைகூடவில்லை.

மனைவி நோட்டைத் திருத்தியபடியே கேட்டாள். “கடையில நல்லா ஓடுச்சுன்னீங்க. அங்க எதெதக் கழட்டிக் குடுத்தீங்க?”

“பேட்டரியும் கார்டும்.”

“பேட்டரிய மாத்தியாச்சு. அப்ப மிச்சம்?”

ஒன்றாம் வகுப்புக் கணக்கு. மிச்சம் ஒன்று. எனக்கு அது தெரியாமல் இல்லை. அந்த ஒன்றின் பக்கம் மனசைப் போகவிடாமல் ஒரு வாரமாக நானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

“கார்டு நல்ல கார்டும்மா. ராசியான கார்டு” என்றேன்.

“என்ன ராசி?”

இனி மறைக்க முடியாது. எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் படம் பிள்ளையார். மண்டப வாசலில் இருப்பார், இல்லாவிட்டால் பத்திரிகையில் இருப்பார், அதிலும் இல்லாவிட்டால் மணவறையில் மஞ்சளில் பிடித்து வைத்திருப்பார்கள். அவரை எடுக்காமல் யாரும் மணப்பெண் அறைப் பக்கம் போகமாட்டார்கள். நானும் போகமாட்டேன். இந்தக் கார்டை வாங்கிய புதிதில் ஒரு மண்டப வாசலில் அருகம்புல் மாலையோடு ஒரு சின்னப் பிள்ளையாரை எடுத்தேன். என்ன வெளிச்சமோ, அப்படி ஒரு படம் அதற்குமுன் நான் எடுத்ததில்லை. அந்தக் கல்யாணமும் பிரமாதமாக அமைந்தது. அதில் என்னைப் பார்த்தவர்கள் வரிசையாக வேலை கொடுத்தார்கள். அவரை அழிக்க மனசில்லாமல், தெரியாமல்கூட அழிந்துவிடாதபடி சாவி அடையாளம் போட்டுப் பூட்டிவிட்டேன். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் கார்டில் இருப்பதை எல்லாம் அழிப்பேன். எல்லாம் போகும், பூட்டிய பிள்ளையார் மட்டும் இருப்பார். கார்டை மொத்தமாக வழித்துச் சுத்தம் செய்வதற்கு ஃபார்மட் என்று ஒன்று உண்டு. அதைச் செய்தால் பூட்டு, சாவி எதுவும் நிற்காது. அதனால் வாங்கிய நாளிலிருந்து அதைச் செய்ததே இல்லை.

மனைவி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். எங்கள் குடும்பம் தலைமுறையாக வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

“ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்கு வாரீங்க. சாமியார் கையில நற்கருணை வாங்குறீங்க. கேமராவுக்குள்ள பிள்ளையாரப் பூட்டி வச்சிருக்கீங்க.”

“தொழில் வேற, வேதம் வேற.”

“இத சாமியார்ட்ட சொல்லவா, பிள்ளையார்ட்ட சொல்லவா? ரெண்டு பேரும் சிரிப்பாக.”

அவள் சிரித்து முடிக்கிறவரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாப்ளையின் வீட்டுக்குப் போய் அவர் கார்டை வாங்கி என் கேமராவில் போட்டு அழுத்தினேன். தடதடதட. நிற்கவே இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“இத்தன வருசமா ஃபார்மட்டே பண்ணலையா?” என்றார், ஒரு வருடமாகக் குளிக்காதவனைப் பார்க்கிற மாதிரி. “அழிச்சு அழிச்சு எழுதுனா கார்டு என்னத்துக்கு ஆகும்? அங்கன கொஞ்சம் எடம், இங்கன கொஞ்சம் எடம்னு சிதறிக் கெடக்கும். கேமரா ஒவ்வொரு படத்தயும் வச்சுக்கிட்டு எடம் தேடி அலையுது மாப்ள.”

எனக்கு அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது. நடுச் சீட்டில் ஒருவர் எந்த நிறுத்தத்திலும் இறங்காமல் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏறுகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி ஒடுங்கி, தொங்கி, மடியில் உட்கார்ந்து போகவேண்டியிருக்கிறது. அவர் இறங்கி எல்லாரையும் ஒரு தடவை இறக்கிவிட்டால்தான் வண்டி காலியாகும். யாருக்கு அவரை எழுப்பத் தைரியம் இருக்கிறது?

புதுக் கார்டு வாங்கலாமே என்று கேட்கலாம். புதுக் கார்டை நம்பி முகூர்த்தத்துக்குப் போவது புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு அழகர்கோயிலுக்கு நடப்பது மாதிரி. பாதி வழியில்தான் அதன் குணம் தெரியும். மாப்ளையின் கார்டைக் கேட்கலாம் என்றால், அன்றைக்கு அது அவருடைய வீடியோவுக்கு வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிள்ளையார் படத்தை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

“அதத் திரும்பக் கார்டுல போட்டுக்கிற வேண்டியதுதான?” என்றாள் மனைவி.

“காப்பியில ராசி வருமா?”

“எனக்குத் தெரியாதுங்க. நான் வேதக்காரி” என்று உள்ளே போய்விட்டாள்.

கேமராவில் ஃபார்மட்டைத் தேடி எடுத்தேன். எல்லாப் படங்களும் அழியும், சரியா என்று கேட்டது. சரி என்று சொல்வதில் சிரமம் இல்லாத என் வாய் உதவவில்லை, விரல்தான் சொல்ல வேண்டியிருந்தது. விரல் கொஞ்ச நேரம் நின்றது. கண் முன்னால் வந்தது பிள்ளையார் இல்லை. பர்ஸின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிய அந்தக் கைதான் வந்தது. அழுத்தினேன்.

பாயை விரித்து, படுத்து, விசிறியைப் பார்த்துப் பிடித்தேன். கை வலித்து நானாக விடும்வரை ஓடியது. குதித்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது. ஒரு வாரம் வெயிலில் அலைந்து, ஒரு பேட்டரி வாங்கி, ஒரு விசிறியின் வாழ்க்கை வரலாற்றையே படம் எடுத்து, கடைசியில் கண்டுபிடித்தது நான்தான் கோளாறு என்பது. பாயிலேயே தூங்கிவிட்டேன்.

முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் இருந்த பிள்ளையாரைத்தான் முதலில் எடுத்தேன். பூட்டவில்லை. ‘இன்னைக்கு மட்டும் இருங்க, சாயங்காலம் எறங்கிக்கிரணும்’ என்று மனசுக்குள் சொல்லி வைத்தேன்.

அந்த அக்கா சொன்னபடியே கீழே, முதல் வரிசைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றார். அரக்கு நிறப் பட்டு. கையில் அட்சதை. மேலே வரவேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை. மேடையை வீடியோ மாப்ளையிடம் விட்டுவிட்டு, அந்த அக்காவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். அது என் எடைக்கு ஒரு சத்தம் கொடுத்தது.

“அண்ணே, எங்களுக்கு மறைக்கிது” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“ரெண்டே நிமிசம்ணே. என்னால அதுக்கு மேல நிக்கவும் முடியாது” என்றேன்.

கெட்டிமேளம். மண்டபம் மொத்தமும் கையாக மாறியது. மாப்பிள்ளை குனிந்தார். பெண்ணின் தலை தெரிந்தது, அட்சதை பறந்தது, ஒரு செல்போன் குறுக்கே வந்தது. எதையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. காதுக்குள் அந்தத் தடதட சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, நிற்கப்போகிறது, இதோ நிற்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டே நின்றேன். நிற்கவில்லை. மேளம் அடங்கியபோது நாற்காலியிலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதையான சொல்.

அந்த அக்கா திரும்பினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மூடிய கையில் அட்சதை அப்படியே இருந்தது, போடவே இல்லை.

“தம்பி, பாத்தாளா?”

“நீங்க பாக்கலையாக்கா?”

“எங்க பாத்தேன். மேளம் அடிச்சதுமே கண்ணு நெறஞ்சுபோச்சு. வெள்ளையா அரிசி பறந்ததுதான் தெரிஞ்சுச்சு. பாத்தாளா, மறந்துட்டாளா?”

எனக்கும் தெரியாது. படம் எடுக்கிறவன் எதையும் பார்ப்பதில்லை. அவரை ஒரு தூணோரம் கூட்டிப்போய் கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினேன். வார் என் கழுத்தில் கிடந்தது. கழற்ற முடியாமல் பக்கத்தில் குனிந்துகொண்டேன்.

முதல் படத்தில் கைகள். அடுத்ததிலும் கைகள். பிறகு செல்போன், அதில் சின்னதாக இன்னொரு கல்யாணம். பிறகு அட்சதை. பிறகு ஒரு ஓரத்தில் அரக்குப் பட்டுத் தோள், எதிரே கைகளுக்கு நடுவில் ஒரு நெற்றி. அடுத்ததில் புருவம். அடுத்ததில் கண்கள். நேராக இந்தத் தோளுக்கு மேலே, இந்த முகத்தை. அடுத்த படத்தில் யாரோ ஒருவருடைய காது. அதற்கடுத்து மறுபடி கண்கள், இந்த முறை கொஞ்சம் சிரிப்போடு. பிறகு குனிந்துவிட்டாள்.

அந்த அக்கா படங்களை நகர்த்துகிற சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று கேட்டார். காட்டினேன். ஈர விரலால் மெதுவாகத் திருப்பினார். நெற்றி, புருவம், கண்.

“இது எம்புட்டு நேரம் தம்பி?”

“கண்ணச் சிமிட்டுற நேரந்தான்க்கா.”

“அம்புட்டுக்குள்ள இம்புட்டா.”

மாப்ள சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கை ஆட்டினார். “வாரியா இல்லையா? பந்தி முடியப்போகுது, பாயசத்தக் காலி பண்ணிட்டாங்க!” என் இடுப்பு பாயசத்துக்கு முன்பே காலியாகியிருந்தது.

“கழுத்து வலிக்குதா தம்பி?”

“இல்லக்கா.”

“அப்ப இன்னொரு தடவ பாத்துக்கிறேன்.”

சக்கரத்தைப் பின்பக்கமாகத் திருப்பினார். சிரிப்பு அடங்கியது, கண் மறைந்தது, தலை குனிந்தது, பறந்த அட்சதையெல்லாம் திரும்பி அவரவர் கைக்குள் போனது. அங்கே கொஞ்சம் நிறுத்தினார். பிறகு முன்பக்கமாகத் திருப்பத் தொடங்கினார்.